வயலுக்கு மடை... வீட்டுக்கு வால்வு!

குழாயில் கைவைக்கும் முன் தண்ணீரை நிறுத்தும் முறை

விருத்தாசலம் என்றதும் விவசாயிகளுக்கு நினைவுக்கு வருவது முந்திரியும் நிலக்கடலையும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இங்கே இருக்கிறது. அங்கிருந்து வந்த ரகங்கள் ‘வி.ஆர்.ஐ.’ என்ற பெயரோடு பல மாவட்டங்களுக்கும் போயிருக்கின்றன. எலெக்ட்ரிக் கடைக்காரர்களுக்கோ இது பீங்கான் ஊர். பீங்கான் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்கும் அரசுக் கல்வி நிலையமும், பீங்கான் தொழிற்பேட்டையும் உள்ள ஊர். பொம்மை, அகல் விளக்கு, ஜாடி ஆகியவற்றோடு மோட்டார் கொட்டகையில் மாட்டும் வெள்ளை ஃபியூஸ் கட்டையும் இங்குள்ள சூளைகளில் வெந்துதான் வெளியே வருகிறது.

அந்த ஃபியூஸ் கட்டை கிராமத்து மக்களுக்கு ஒரு நல்ல பழக்கத்தைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. ‘கட்டையைப் பிடுங்கியாச்சா?’ என்று கேட்காமல் யாரும் வயரில் கைவைப்பதில்லை. அனுபவமுள்ள மின்பணியாளர், பிடுங்கிய கட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவார். விவரம் தெரியாமல் வேறு யாரும் மாட்டிவிடக் கூடாது என்பதற்காக.

வயலிலும் இதே பழக்கம் உண்டு. வாய்க்கால் கரை உடைந்தால், ஓடுகிற தண்ணீரில் யாரும் மண்ணைக் கொட்டுவதில்லை. முதலில் மேல்மடையை அடைத்துவிட்டு வந்துதான் உடைப்பைக் கட்டுவார்கள்.

ஆனால், வீட்டுக் குழாய் என்று வரும்போது இந்த இரண்டு பாடமும் மறந்துபோகிறது. தண்ணீர் பீய்ச்சியடிக்கும்போதே டேப்பைக் கழற்றுவதும், ஒரு கையால் பைப்பை அடைத்துக்கொண்டு மறுகையால் புது டேப்பைத் திருகுவதும் பல வீடுகளில் வழக்கமாக இருக்கிறது. வால்வு எங்கே இருக்கிறது என்பது வீட்டுக்காரருக்கே தெரியாது. தெரிந்தாலும் அது துருப்பிடித்துத் திருகாது. இதனால் வீணாவது தண்ணீர் மட்டுமல்ல. செய்த பழுதும் நிற்காது. சில நேரங்களில் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்...

மாடியில் உள்ள 1,000 லிட்டர் தொட்டியிலிருந்து கீழே இறங்கும் அரை அங்குலக் குழாயில் டேப் கழன்றுவிட்டால், நிமிடத்துக்குச் சுமார் 20 முதல் 30 லிட்டர் வரை கொட்டும். அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரத்தில் தொட்டி காலி. மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் மட்டும் மோட்டார் ஓட்டுகிற வீட்டில், அடுத்து எப்போது தண்ணீர் ஏறும் என்பது மின்சாரத்தின் கையில் இருக்கிறது. கறவை மாடு ஒன்றே நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் குடிக்கும். கோடையில் இன்னும் கூடும். இரண்டு மாடு நிற்கிற வீட்டில் தொட்டி காலியாவது சின்ன விஷயம் இல்லை.

சொட்டுகிற டேப்பை ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று விடுவதற்கும், தண்ணீரை நிறுத்த வழி தெரியாததுதான் பெரும்பாலும் காரணம். சொட்டுகிற டேப்புக்குக் கீழே 200 மி.லி. டம்ளரை வைத்துப் பார்க்கலாம். பத்து நிமிடத்தில் அது நிரம்பினால், ஒரு நாளில் போவது சுமார் 29 லிட்டர்; ஒரு மாதத்தில் 860 லிட்டருக்கு மேல். 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு வைத்த அளவு 55 லிட்டர். அதில் பாதிக்கு மேல் ஒரே ஒரு டேப்பில் போய்விடுகிறது. பல டேப்புகளில் இதைச் சரிசெய்ய ஒரு ரப்பர் வாஷர் போதும்.

முதலில் வழிகளை எண்ண வேண்டும்

தண்ணீரை நிறுத்துவதற்கு முன், அது வீட்டுக்குள் எத்தனை வழியாக வருகிறது என்று தெரிய வேண்டும். இன்றைய கிராமத்து வீடுகளில் குறைந்தது இரண்டு வழி இருக்கும்.

ஒன்று, ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குடிநீர் இணைப்பு. இரண்டு, சொந்த போர்வெல்லிலிருந்து மாடித் தொட்டிக்கு ஏறும் பைப். மூன்றாவதாக, மாடித் தொட்டியிலிருந்து வீட்டுக்குள் இறங்கும் பைப். பிளாஸ்டிக் தொட்டி சிலவற்றில் இறங்கும் பைப்பே இரண்டு இருக்கும்; ஒன்று சமையலறைக்கும், இன்னொன்று குளியலறைக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் போகும்.

சில வீடுகளில் வசதிக்காக ஊராட்சி இணைப்பையும் தொட்டியிலிருந்து இறங்கும் பைப்பையும் ‘டீ’ போட்டு ஒன்றாக இணைத்திருப்பார்கள். இங்கேதான் குழப்பம் வரும். மாடியில் வால்வை மூடிய பிறகும், ஊராட்சித் தண்ணீர் திறந்துவிடும் நேரத்தில் கழற்றி வைத்த பைப்பில் தண்ணீர் கொட்டும். இன்னொரு கெடுதலும் இருக்கிறது. தெருக் குழாயில் அழுத்தம் இல்லாத நேரத்தில், வீட்டுத் தொட்டியின் தண்ணீர் பின்னோக்கித் தெருக் குழாய்க்குள் போய்விடும். ஊரே குடிக்கும் தண்ணீரில் ஒரு வீட்டின் பாசி பிடித்த தொட்டித் தண்ணீர் கலந்துவிடும். எனவே, இரண்டையும் நேரடியாக இணைக்கவே கூடாது. ஊராட்சித் தண்ணீர் தொட்டிக்குப் போக வேண்டுமானால், தொட்டியின் மேல்மட்டத்துக்கு மேலேயிருந்து விழும்படி விட வேண்டும். குடிநீர் இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவதும் கூடாது. அது விதிமீறல், இணைப்பே துண்டிக்கப்படலாம்.

ஒரு தாளில் வீட்டின் பைப் வரும் வழிகளைக் கோடுகளாக வரைந்து, வால்வு உள்ள இடங்களில் வட்டம் போட்டு, சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வைத்தால் போதும். கணவர் வயலில் இருக்கும் நேரத்தில் பைப் உடைந்தாலும், வீட்டில் இருப்பவர் ஓடிப்போய் மூட முடியும்.

எங்கெங்கே வால்வு வேண்டும்?

வயல் முழுவதற்கும் ஒரே மடை வைத்துப் பாசனம் செய்ய முடியாது. வீட்டுக்கும் அப்படித்தான்.

* தொட்டியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு பைப்பிலும், தொட்டியை ஒட்டியே ஒரு வால்வு. இது முதல் மடை. இது இல்லாத வீட்டில் வேறு எது இருந்தும் பயன் குறைவு.

* ஊராட்சி இணைப்பு வீட்டு எல்லைக்குள் நுழையும் இடத்தில் ஒரு வால்வு.

* சமையலறை, குளியலறை, கழிப்பறை, மாட்டுக் கொட்டகை ஆகியவற்றுக்குப் பிரியும் இடங்களில் தனித்தனி வால்வு. கழிப்பறை ஃப்ளஷ் தொட்டிக்கு ஆங்கிள் காக். கழிப்பறையில் பழுது என்றால் மாட்டுக்குத் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை.

* தொட்டியின் அடிமட்டத்தில், கழுவிவிட மூடியோடு ஒரு வடிகுழாய்.

* தொட்டி வால்வுக்கு அடுத்து, தொட்டியை விட உயரமாக நிற்கும் ஒரு காற்றுக் குழாய். வால்வை மூடியதும் பைப்பில் நிற்கும் தண்ணீர் சீக்கிரம் வடிய இது உதவும். திரும்பத் திறக்கும்போது காற்று அடைப்பும் வராது.

வால்வுக்குப் பக்கத்தில் ஒரு யூனியனும் போட்டுவிட்டால், பின்னாளில் வால்வை மாற்றும்போது பைப்பை அறுக்க வேண்டிய தேவை இருக்காது. வீட்டு அளவுக்கான பிளாஸ்டிக் பால் வால்வு சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும்.

பால் வால்வில் கைப்பிடி பைப்பின் போக்கிலேயே இருந்தால் திறந்திருக்கிறது என்று பொருள். பைப்புக்குக் குறுக்காக இருந்தால் மூடியிருக்கிறது. கால் சுற்றில் வேலை முடியும். சக்கரம் வைத்த கேட் வால்வைக் கடிகாரம் சுற்றும் திசையில் பல சுற்று திருகினால் மூடும். கேட் வால்வைப் பாதி திறந்த நிலையில் விடக் கூடாது. உள்ளிருக்கும் தகடு அரித்து, பிறகு முழுமையாக மூடாது.

போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகமுள்ள இடங்களில் வால்வுக்குள் உப்புக்கறை கட்டும். ஆண்டுக்கணக்கில் தொடாத வால்வு அவசரத்துக்குத் திருகாது. ஸ்ப்ரேயரையும் பம்ப்செட்டையும் பராமரிப்பது போல, மாதம் ஒருமுறை எல்லா வால்வுகளையும் மூடித் திறந்துவிட வேண்டும்.

மோட்டார்தான் பெரிய ஆபத்து

வால்வை மூடினால் மட்டும் போதாது. பழுது பார்க்கும் நேரத்தில் மோட்டார் ஓடாமல் இருப்பதை உறுதி செய்ய வேண்டும். ஆட்டோ ஸ்டார்ட்டர் பொருத்திய மோட்டார், மும்முனை மின்சாரம் வந்ததும் தானாக ஓடத் தொடங்கும். கைப்பேசியில் இயக்கும் ஸ்டார்ட்டராக இருந்தால், வயலில் இருக்கும் மகன், வீட்டில் அப்பா பைப்பைக் கழற்றிக்கொண்டிருப்பது தெரியாமல் அழுத்திவிடலாம்.

அதைவிட நுட்பமான ஆபத்து, தொட்டியில் பொருத்தும் தானியங்கி நீர்மட்டக் கருவி. பழுது பார்ப்பதற்காகத் தொட்டியை வடித்தால், ‘தண்ணீர் குறைந்துவிட்டது’ என்று எடுத்துக்கொண்டு அந்தக் கருவி தானாகவே மோட்டாரைப் போட்டுவிடும். பழுது பார்ப்பவரின் கை அப்போது திறந்த பைப்பில் இருக்கும். காலடியில் ஈரம். பக்கத்தில் வயர். இந்த மூன்றும் சேரும் இடத்தில்தான் உயிர் போகிறது.

எனவே, மெயின் சுவிட்சை நிறுத்திய பிறகு, உலர்ந்த கையால் ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்க வேண்டும். மும்முனை இணைப்பு என்றால் மூன்று கட்டைகளையும் பிடுங்கி, வேலை செய்பவரே மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஃபியூஸ் கட்டைக்குப் பதிலாக டிரிப்பர் உள்ள வீடுகளில், அதைக் கீழே தள்ளி நிறுத்தி, மேலே டேப் ஒட்டி, பெட்டியைப் பூட்டிவிடலாம்.

மோட்டாரிலிருந்து தொட்டிக்கு ஏறும் பைப்பில் வால்வு இருந்தால், அதைத் திறக்க மறந்து மோட்டாரை ஓட்டக் கூடாது. தண்ணீர் போக வழியில்லாமல் மோட்டார் சூடாகும். பைப் இணைப்பு விட்டுப்போகும்.

வேலைக்கு முன்... வரிசையாக ஆறு படிகள்

1. வீட்டில் எல்லோரிடமும் சொல்ல வேண்டும். குடிக்க ஒரு குடம், கழிப்பறைக்கு இரண்டு வாளி, மாட்டுத் தொட்டி நிறைய தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும்.

2. மோட்டாரை நிறுத்தி, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்க வேண்டும். குளியலறையில் ஹீட்டர் இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஹீட்டர் ஓடினால் காயில் எரிந்துவிடும்.

3. பழுதுள்ள பகுதிக்கான வால்வை மூட வேண்டும். தனி வால்வு இல்லையென்றால் தொட்டி வால்வை மூட வேண்டும். ஊராட்சி இணைப்பு வால்வையும் சேர்த்து மூடிவிடுவது நல்லது.

4. வீட்டிலேயே தாழ்வாக உள்ள டேப்பைத் திறக்க வேண்டும். மேலே உள்ள ஒரு டேப்பையும் திறந்தால் காற்று உள்ளே போய், பைப்பில் நிற்கும் தண்ணீர் விரைவாக வடியும்.

5. வடிவது நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால், வால்வு சரியாக மூடவில்லை அல்லது எண்ணாமல் விட்ட இன்னொரு வழி இருக்கிறது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிக்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

6. கழற்றும் இடத்துக்குக் கீழே வாளி வைத்து, இணைப்பைக் கால் சுற்று மட்டும் தளர்த்திப் பார்க்க வேண்டும். மீதித் தண்ணீர் கசிந்து நின்ற பிறகு முழுதாகக் கழற்றலாம்.

நான்காவது, ஐந்தாவது படிகளைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். வால்வை மூடினாலும் பைப்புக்குள் நிற்கும் தண்ணீர் அழுத்தத்தோடுதான் இருக்கும். இதற்குப் பெரிய உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் நிலத்தடி நீர் அழுத்தத்தோடு நிற்கிறது. பம்புகளை வைத்து இடைவிடாமல் இறைத்து அந்த அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டேதான் அங்கே சுரங்கம் வெட்டுகிறார்கள். இல்லையென்றால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு தண்ணீர் மேலே வந்துவிடும். சுரங்கமானாலும் சமையலறைக் குழாயானாலும், அழுத்தம் இறங்கிய பிறகுதான் திறக்க வேண்டும்.

ஈரத்தில் பசை பிடிக்காது

‘பிளம்பர் போன வாரம்தான் ஒட்டினார், மறுபடியும் ஒழுகுகிறது’ என்பது அடிக்கடி கேட்கும் புகார். பசையின் மீது பழி போடும் முன், ஒட்டும்போது பைப் உலர்ந்திருந்ததா என்று பார்க்க வேண்டும். பி.வி.சி. பசை வெறும் கோந்து அல்ல. பைப்பின் மேற்பரப்பையும் கப்ளிங்கின் உட்பரப்பையும் லேசாகக் கரைத்து, இரண்டையும் ஒன்றாக்கி இறுகச் செய்கிறது. நடுவில் ஈரம் இருந்தால் அந்த வேலை நடக்காது. வால்வு சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டே இருக்கும் பைப்பில் எவ்வளவு பசை தடவினாலும் வீண்தான்.

அறுத்த முனையின் பிசிறை நீக்கி, உலர்ந்த துணியால் துடைத்து, இரு பக்கமும் பசை தடவி, கால் சுற்று திருப்பிச் செருகி, அரை நிமிடம் அசையாமல் பிடிக்க வேண்டும். எத்தனை மணி நேரம் கழித்துத் தண்ணீர் விடலாம் என்பது பசை டப்பாவிலேயே அச்சிடப்பட்டிருக்கும். முடிந்தால் மாலையில் ஒட்டி, மறுநாள் காலையில் தண்ணீர் விடுவது நல்லது. வெந்நீர் போகும் பைப்புக்கு சி.பி.வி.சி.க்கான தனிப் பசையே வேண்டும்.

வால்வே இல்லாத வீட்டில்...

அவசரமில்லாத பழுது என்றால், முதல் நாளிலிருந்தே மோட்டார் போடாமல் தொட்டித் தண்ணீரைச் செலவழித்து, காலியாகும் நேரத்தில் வேலையை வைத்துக்கொள்ளலாம். மீதியை வாழைக்கும் தென்னைக்கும் பாய்ச்சிவிடலாம். அன்றே தொட்டியைக் கழுவி, ஒரு வால்வையும் பொருத்திவிட்டால் அடுத்த முறை இந்தச் சிரமம் இருக்காது.

அவசரம் என்றால், துணி சுற்றிய மரக்கட்டையால் தொட்டியின் உள்ளேயிருந்து வெளிவாயை அடைக்கலாம். கட்டையில் கயிறு கட்டி, மறுமுனையை வெளியே விட்டிருக்க வேண்டும். பைப்பில் விரிசல் மட்டும் என்றால், சைக்கிள் டியூப்பை நீளமாக வெட்டி, இழுத்துச் சுற்றிக் கட்டினால் கொஞ்ச நேரத்துக்குத் தாங்கும். மாடி விளிம்பில் உள்ள தொட்டியில் தனியாக ஏறக் கூடாது. மூடிய தரைத்தொட்டிக்குள் தனியாக இறங்கவும் கூடாது. உள்ளே காற்று போதாமல் மயக்கம் வரலாம்.

திறக்கும்போதும் நிதானம்

வேலை முடிந்ததும் வால்வை ஒரேயடியாகத் திறந்தால், காற்றும் தண்ணீரும் மோதி இணைப்புகளை உலுக்கும். ஒரு டேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். ‘புஸ்’ என்று காற்று போய், சீராகத் தண்ணீர் வந்த பிறகு டேப்பை மூடலாம். முதலில் வரும் கலங்கல் தண்ணீரை வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றிவிட வேண்டும். கால் சுற்றில் திறக்கும் புது வகை டேப்புகளுக்குள் இரண்டு பீங்கான் வட்டுகள் உரசிக்கொண்டுதான் தண்ணீரை அடைக்கின்றன. அவற்றுக்கிடையே மணல் போனால் கீறல் விழுந்து, புது டேப்பும் சொட்டத் தொடங்கிவிடும்.

பழுது பார்த்த இடத்தைக் காய்ந்த காகிதத்தால் துடைத்து, பத்து நிமிடம் கழித்துத் தொட்டுப் பார்க்க வேண்டும். காகிதம் நனையவில்லை என்றால் ஃபியூஸ் கட்டைகளை மாட்டி, மெயின் சுவிட்சைப் போடலாம்.

வாசகர்கள் அடிக்கடி கேட்பவை

கேள்வி: வால்வை முழுதாக மூடியும் லேசாகச் சொட்டுகிறது. டேப் மாற்றலாமா?

டேப் மட்டும் மாற்றலாம். டெஃப்லான் டேப் சுற்றித் திருகும் இணைப்புக்குச் சொட்டு ஈரம் தடையில்லை. ஆனால், பசை போட்டு ஒட்டும் வேலை செய்யக் கூடாது. தொட்டியை வடித்துவிட்டு, அந்த வால்வையே முதலில் மாற்ற வேண்டும்.

கேள்வி: பழைய கேட் வால்வு திருகவே வரவில்லை. பைப் ரெஞ்ச் போட்டுத் திருப்பலாமா?

கூடாது. தண்டு முறிந்துவிடும் அல்லது பக்கத்து பி.வி.சி. இணைப்பு உடைந்துவிடும். இரண்டு பக்கமும் லேசாக, மாற்றி மாற்றி அசைத்துப் பார்க்கலாம். அசையவில்லை என்றால், தொட்டி காலியாக இருக்கும் நாளில் கழற்றிவிட்டுப் பால் வால்வு போடுவது நல்லது.

கேள்வி: தெருவில் உள்ள வால்வை நாமே மூடிக்கொள்ளலாமா?

அது ஊராட்சிக்குச் சொந்தமானது. அதை மூடினால் பக்கத்துத் தெருவுக்கே தண்ணீர் நின்றுபோகும். மேல்நிலைத் தொட்டி இயக்குபவரிடம் சொல்லித்தான் மூட வேண்டும். வீட்டு எல்லைக்குள் சொந்தமாக ஒரு வால்வு இருந்தால் இந்தத் தேவையே வராது.

கேள்வி: டேப் எதுவும் சொட்டவில்லை. ஆனாலும் தொட்டித் தண்ணீர் இரவில் குறைகிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

இரவு படுக்கும் முன், தொட்டியில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் அடையாளம் வைத்து, தொட்டி வால்வை மூடிவிட வேண்டும். காலையில் மட்டம் குறைந்திருந்தால் கசிவு தொட்டியில். அல்லது வால்வு சரியாக மூடவில்லை. குறையவில்லை என்றால் கசிவு வீட்டுக்குள் போகும் பைப்பில். அடுத்த இரவு தொட்டி வால்வைத் திறந்துவிட்டு, சமையலறை, குளியலறை, கழிப்பறை வால்வுகளில் இரவுக்கு ஒன்றாக மூடிப் பார்த்தால் எந்தப் பகுதி என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் கழிப்பறை ஃப்ளஷ் தொட்டியின் வாஷர்தான் தேய்ந்திருக்கும். அதை முதலில் பார்க்கலாம்.